ராஜ வீதியின் கடைசியில் கடல்

மாயவரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் இரண்டு ஊர்கள்தான். ஒன்று பூம்புகார், இன்னொன்று தரங்கம்பாடி. பூம்புகார் ஊரே திரண்டு போகிற இடம். ஆடிப்பெருக்கு என்றால் கட்டுச்சோற்று மூட்டையோடு தெருவே காலியாகும். 1973ல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டிய பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துப் போனார்கள். தரங்கம்பாடி அப்படியல்ல. அது குடும்பமாகப் போய் இரண்டு நாள் தங்குகிற இடம். முழுப்பரீட்சை முடிந்ததும் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கிளம்புவோம். பொறையாரில் சின்ன அத்தை வீடு. ராத்திரி அங்கே படுக்கை, பகல் முழுக்கத் தரங்கம்பாடி.

போவதற்கு அப்போது ரயில் இருந்தது. 1926ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. மாயவரம் ஜங்ஷனில் புறப்பட்டு மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வயலும் வாய்க்காலுமாகப் போகும். மொத்தமே 30 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அந்த வண்டிக்கு அவசரம் என்பதே கிடையாது. திருக்கடையூரில் மட்டும் கூட்டம் ஏறும். பட்டுப் புடவையும் மாலை வாடையுமாக, அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வருகிறவர்கள். அமிர்தகடேசுவரர் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்ட தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளுக்குக் கடல் காட்ட அதே வண்டியில் வருவார்கள். இன்றைக்கும் திருக்கடையூரில் சாந்தி செய்துகொண்ட குடும்பங்கள் சாயங்காலம் வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குத்தான் போகின்றன. ரயில்தான் இல்லை. 1980களில் வண்டியை நிறுத்தினார்கள், பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தார்கள். எங்கள் பகுதி இழந்தவற்றில் பெரிய இழப்பு அது என்று இன்னமும் நினைக்கிறேன்.

பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். வண்டி தில்லையாடியை நெருங்கும்போது அவர் குரல் மாறிவிடும். "வள்ளியம்மை ஊருடா இது" என்பார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914ல் பதினாறே வயதில் இறந்துபோன பெண். அவளுடைய தாயின் ஊர் என்பதற்காகவே காந்தி 1915ல் தில்லையாடிக்கு வந்தார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகிற அவசரத்தில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. 1792ல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நுழைவாயில். அதன் வளைவுக்கடியில்தான் சைக்கிளும் மாட்டுவண்டியும் போகும். அதைத் தாண்டினால் ராஜ வீதி, கிழக்கே நேர்கோடாகக் கடல் வரைக்கும். வாசலில் நுழையும்போதே தெருக் கடைசியில் ஒரு நீலத் துண்டு தெரியும். பிள்ளைகள் எல்லோரும் ஓடுவோம். பெரியம்மா பின்னாலிருந்து கத்துவாள், "வெயில்ல ஓடாதீங்கடா, கடல் எங்கயும் ஓடிடாது!"

அப்படி ஓடியதால் அந்த வீதியின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று வெகுகாலம் நாங்கள் பார்க்கவே இல்லை. பார்க்க வைத்தவர் பெரியப்பாதான். ஒரு விடுமுறையில் வெயில் தாழ்ந்த பிறகு எங்களை வாசலுக்கே திரும்ப அழைத்துப்போய், அங்கிருந்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். சீயோன் தேவாலயம் 1701ல் கட்டியது. அதற்கு எதிர்ப்புறம், சற்றுத் தள்ளி, சிலுவை வடிவத்தில் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். அது 1718ல் எழுந்தது. அதன் முகப்பில் மகுடத்தோடு டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை இருக்கிறது. உள்ளே பீடத்தருகில் சீகன்பால்குவின் கல்லறை. அவர் கட்டி எழுப்பிய கோயிலில் அவர் இருந்து பிரசங்கம் செய்தது சில மாதங்கள்தான். 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார்.

சீகன்பால்குவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் அவரும் புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் பாதிரிமார்கள். கடற்கரையில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் படித்தார். இரண்டே வருடங்களில் தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708ல் அவற்றுக்கு விளக்க அட்டவணையே எழுதிவிட்டார். இங்கே இருந்த டேனிஷ் ஆளுநருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் கோட்டைக்குள் அடைத்து நான்கு மாதம் வைத்திருந்தார். வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு வந்தன. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் போதவில்லை. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். காகிதத்துக்கு 1715ல் பொறையாரில் ஓர் ஆலையும் ஏற்படுத்தினார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். சின்ன அத்தை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

தமிழ் அதற்கு முன்பே அச்சேறிவிட்டது. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்தாயிற்று. ஆனால் இடையில் அந்த முயற்சிகள் நின்றுபோயிருந்தன. தரங்கம்பாடியில் மீண்டும் தொடங்கிய பிறகுதான் தமிழ் அச்சு நூற்றாண்டு கடந்தும் தொடர்ந்தது. 1715ல் முடிந்த புதிய ஏற்பாடு, இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு. மத நூல் என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இன்று நாம் கையில் பிடித்துப் படிக்கிற ஒவ்வொரு தமிழ்ப் புத்தகமும் அந்தப் பட்டறைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

கோட்டைக்கு வருகிறேன். வீதி முடிகிற இடத்தில் பெரிய மைதானம், அதற்கப்பால் மங்கிய காவி நிறத்தில் டான்ஸ்போர்க். டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்கள் முதலில் குறிவைத்தது இலங்கையை. முன்னே வந்த ஒரு கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் பக்கம் தாக்கி மூழ்கடித்தார்கள். உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனையில் போய் நின்றார். அந்தத் தொடர்புதான் பின்னால் வந்த டேனிஷ் தளபதி ஓவே கெட்டேவுக்கு வழி திறந்தது. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம். கெட்டேவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். அந்த வயதில் ஒருவன் எட்டாத தூரத்திலிருந்து வந்து கடலோரத்தில் கோட்டைக்கு இடம் வாங்கியிருக்கிறான் என்பது எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். அத்தை மகன் மட்டும் கேட்டான், "மாமா, நாயக்கர் எதுக்குக் குடுத்தாரு?" பெரியப்பா சொன்னார், "போர்த்துகீசியனை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க முடியுமாடா? வியாபாரத்துக்கு இன்னொருத்தன் வந்தா ராஜாவுக்கும் லாபம்தானே." இன்றைக்கு வரலாற்று நூல்களைப் படிக்கும்போதும் அதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்கு நினைவு தெரிந்த ஆரம்பக் காலத்தில் கோட்டைக்குள் நாங்கள் போக முடியாது. 1978 வரை அது அரசாங்கப் பயணியர் மாளிகையாக இருந்தது. அதிகாரிகள் வந்து தங்குவார்கள். காவலாளி மைதானத்தோடு எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு மாநிலத் தொல்லியல் துறை அதை எடுத்துக்கொண்டு, 1979ல் அருங்காட்சியகம் வைத்தது. அதற்கடுத்த கோடையில் முதன்முறை உள்ளே போனோம்.

அந்த நாளின் வாசனை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பும் ஈரமும் உப்பும் சேர்ந்த ஒரு வாசனை. கீழ்த்தளத்தில் சரக்கு வைத்த அறைகள், சமையல்கூடம், வெடிமருந்துக் கிடங்கு, சிறை அறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியும் வணிகர்களும் வாழ்ந்த பகுதி. விட்டமே இல்லாத வளைவுக் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். வெளியே சித்திரை வெயில், உள்ளே சுவரில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருந்தது. அருங்காட்சியகம் பெரிதல்ல. பீங்கான் தட்டுகள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், கண்ணாடிப் பொருட்கள், வாள்கள், ஈட்டிகள், சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், சுடுமண் பொம்மைகள், சுதை உருவங்கள், டேனிஷ் கையெழுத்து ஆவணங்கள். பிள்ளைகளான எங்களுக்கு இவை எதுவும் பொருட்டில்லை. எங்களை நிறுத்தியது ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள். கடைசித் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்று சாயங்காலம் ஒருத்தரும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை.

வயதான பிறகு அதே அறைகளில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. 225 ஆண்டுகள் டேனிஷ்காரர்கள் இருந்த ஊர் இது. 1845ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இத்தனை காலத்தின் பொருட்கள் சில அலமாரிகளுக்குள் அடங்கிவிட்டன என்றால் மற்றவை எங்கே? கோபன்ஹேகனில் இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய மடல் இருக்கிறது. ஹாலேயில் இங்கிருந்து போன ஓலைச்சுவடிகளும் கடிதங்களும் இருக்கின்றன. இங்கே ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் என்ற நார்வேக்காரர் தீட்டிய நம் பக்கத்துக் கோயில்கள், கடற்கரைகளின் சித்திரங்கள் ஓஸ்லோவில் இருக்கின்றன. அவையெல்லாம் பத்திரமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்த கதைகள் நம்மிடம் நிறைய உண்டு.

ஆனால் எல்லாமே அப்படி நேர்வழியில் போய்விடவில்லை. தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே அனந்தமங்கலம். பத்துக் கை ஆஞ்சநேயருக்குப் பேர்போன ராஜகோபாலசுவாமி கோயில் அங்கே உண்டு. அந்தக் கோயிலிலிருந்து 1978ல் ராமர், லட்சுமணர், சீதை செப்புத்திருமேனிகள் களவு போயின. விஜயநகரக் காலத்து வார்ப்பு. நாங்கள் கடற்கரைக்குப் போகும் வழியில் அத்தையோடு அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் போவோம். களவு போன செய்தி வந்த பிறகு அத்தை பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சொந்த வீட்டில் யாரையோ கூட்டிக்கொண்டு போனது மாதிரி இருந்தாள். அந்த மூவரும் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டு 2020ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். நாற்பத்திரண்டு வருடம். பார்க்க அத்தை இல்லை. அதேபோல, இங்கே அச்சான புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது, சரபோஜி மன்னரிடம் இருந்த பிரதி. 2005ல் காணாமல் போனது. 2022ல் அதுவும் லண்டனில் இருப்பது தெரியவந்தது. அருங்காட்சியகம் என்றால் மழை நாளில் பொழுதுபோக்கப் போகிற இடம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஊரின் பொருள் ஊரில் இருக்க வேண்டுமானால் ஊர்க்காரர்கள் அதைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் எட்டிப்பார்க்காத பொருள்தான் முதலில் காணாமல் போகிறது.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கட்டுமானம், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம். கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றெல்லாம் வருகிறது. கடல் இந்தக் கோயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சிறு வயதில் நாங்கள் பார்த்தபோதே முன்பகுதியைக் காணோம், அலை வந்து கல்லில் மோதிக்கொண்டிருக்கும். பெரியம்மா அந்தக் கல்லின்மேல் கற்பூரம் ஏற்றப் பார்ப்பாள், காற்று விடாது. விழுந்து கிடந்த கற்களில் கால் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். "சாமி இருந்த கல்லுடா."

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையைப் பற்றி எழுதாமல் இந்த ஊரை எழுத முடியாது. கோட்டை நின்றது. மீனவர் தெருக்கள் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். சில மாதங்கள் கழித்துப் போனபோது சிறு வயதில் எங்களுக்கு வேர்க்கடலை விற்றவரின் குடிசை இருந்த இடம் வெறும் மணலாக இருந்தது. அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விசாரித்தேன். "அவுங்க இல்லங்கய்யா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கோட்டைக்கும் கோயிலுக்கும் முன்னால் இன்று கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஓடி விளையாடிய மணல்வெளியில் பாதி இப்போது கிடையாது.

அதற்குப் பிறகு ஊரைச் சீர்படுத்தும் வேலைகள் பல நடந்தன. சுனாமிக்குச் சற்று முன்பிருந்தே டென்மார்க்கிலிருந்து தன்னார்வலர்கள் வந்து தொல்லியல் துறையோடு சேர்ந்து கோட்டைச் சுவர்களைச் செப்பனிட்டார்கள். டேனிஷ் ஆளுநர் மாளிகையைப் புதுப்பித்தார்கள். தட்டாரத் தெருப் பக்கம் ஓட்டு வீடுகளை, தூணும் திண்ணையும் கெடாமல், இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மீட்டெடுத்தது. அட்மிரல் வீதியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஹாலேக்காரர்கள் துணை நின்றார்கள். எனக்கு இந்த எல்லாவற்றிலும் பிடித்தது தட்டாரத் தெரு வேலைதான். கோட்டையை யாரும் இடிக்கப்போவதில்லை. திண்ணை வைத்த வீடு அப்படியல்ல. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. அந்தத் தெருவில் சுண்ணாம்பு பூசி, பழைய மாதிரிக் கதவு போட்டு நிற்கிற வீடுகளைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களும் இடிக்குமுன் ஒரு கணம் யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்த ஊர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். காரணம் ரயில்தான். ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டக் கலெக்டரே இங்கே இருந்தார். ஆனால் 1861ல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வருவதற்குள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, துறைமுகம் என்ற பேச்சே போய்விட்டது. பணம் வராததால் யாரும் எதையும் இடித்துக் கட்டவில்லை. அந்த ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்ததைத்தான் இன்று நாம் போய்ப் பார்க்கிறோம்.

கடற்கரை விடுமுறை என்று நம் ஆட்கள் கார் எடுத்தால் நேராகக் கோட்டை மைதானத்தில் வந்து நிறுத்துகிறார்கள். கோட்டை முன்னால் நாலு படம், அலையில் கால், சுண்டல், திரும்பவும் கார். தரங்கம்பாடியை அப்படிப் பார்க்க முடியாது. காரை நுழைவாயிலுக்கு வெளியிலேயே விடுங்கள். ராஜ வீதியில் நடந்து வாருங்கள். இரண்டு தேவாலயங்களிலும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சீகன்பால்கு வீட்டில் பிள்ளைகளை அச்சுப் பொறி முன்னால் நிறுத்தி, அவர்களுடைய பாடப்புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லுங்கள். கோட்டையைக் கடைசியில் பாருங்கள். மாசிலாமணிநாதரைக் கும்பிடாமல் திரும்பாதீர்கள். முடிந்தால் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் படகுகள் கரையேறும்போது போய் நில்லுங்கள், மீனும் வாங்குங்கள், விலை பேசாமல்.

கிளம்பும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.